கொடியின் நிறம்

நிபோங் திபாலுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் நடுவில்
எந்த ரயிலும் நிற்காத ஓரிடம்.
செம்பனைக்குள்ளிருந்து வந்து செம்பனைக்குள் போய்விடும்
ஒற்றைத் தண்டவாளம்.
ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை மதகில் சாய்த்துவிட்டு
அங்கே போய் நிற்பேன்.
வாரமெல்லாம் என் ஸ்டூடியோவில்
பெண்ணும் மாப்பிள்ளையும்,
அடையாளக் கார்டுக்குக் காது தெரிய உட்காரும் முகங்களும்.
சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத ஒன்றை
எடுக்க வேண்டியிருந்தது எனக்கு.

கறுப்பு வெள்ளைச் சுருள்தான் போடுவேன்.
கலர் அங்கே வீண்:
பச்சை, பச்சை, அப்புறமும் பச்சை.
சாம்பலில்தான் சல்லிக்கல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்,
கட்டையில் ஊறிய எண்ணெயும்.

அன்று பாதை வேலைக்காரர்கள் நாலைந்து பேர்.
வளைவில் அடைக்கலம், கையில் கொடி.
வானம் இருட்டிக்கொண்டு வந்தது.
சுருளில் ஒன்றுதான் மிச்சம். எடுத்தேன்.
மதகுக்கு வந்து மோட்டாரை மிதிக்கும்போது ஒரு கத்தல்.
குரங்கு என்று நினைத்துப் போய்விட்டேன்.

டிராலி மோதி
ஹம்டானுக்கு வலது கால்
முழங்காலுக்குக் கீழே போய்விட்டது என்று
செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கடையில் சொன்னார்கள்.

சிவப்பைத்தான் காட்டினேன் என்கிறார் அடைக்கலம்.
பச்சையைப் பார்த்தேன் என்கிறான் டிராலிக்காரன்.
விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில்
தனபாக்கியம் கடைக்கு வந்தாள்.
"என் வீட்டுக்காரரப் படம் எடுத்தீங்களாமே.
அதுல இருக்குமே கொடி?"

இருக்கிறது.
மேகத்தை விடக் கொஞ்சம் அழுத்தமான சாம்பலில்,
காற்று பிடித்து, ஒரு முனை மடங்கி.

லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தேன் என்றால்
சிவப்புக் கொடி வெளுத்திருக்கும்,
பச்சைக் கொடி கறுத்திருக்கும்.
போடவில்லை என்றால் இரண்டும் ஒன்றுதான்.
செம்பனை கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது,
ஆனால் மழைக்கு முன் செம்பனை எப்போதும் கறுப்பு.
ஃபில்டர் அன்றிரவு சட்டைப்பையில் கிடந்தது.
எப்போது கழற்றினேன்?

நீ உன் கண்ணால் பார்க்கவில்லையா
என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
பார்த்தேன் அம்மா,
தண்டவாளத்தின் முதுகில் ஓடிய வெளிச்சத்தை.

குளியலறையை இருட்டாக்கி
அந்த ஒரு நெகட்டிவை ஆறு தடவை போட்டேன்.
உள்ளங்கையால் மறைத்தால் கொடி வெளுக்கும்.
விரலிடுக்கில் ஒளியை விட்டால் கறுக்கும்.
ஐந்து விநாடி அந்தப் பக்கம்,
ஐந்து விநாடி இந்தப் பக்கம்.
ஒரு மனிதனின் வேலை
என் சுண்டுவிரல் அகலத்தில் இருந்தது.
தட்டில் மருந்து அலைய, மேலே சிவப்பு பல்பு:
தாள் சிவப்பு, என் கை சிவப்பு, கொடியும்
அங்கே மட்டும், சத்தியமாக, சிவப்பு.

வெளியே கொண்டுவந்தேன். சாம்பல்.

மறுநாள் படத்தை வாங்க அடைக்கலமே வந்தார்.
எதையும் கூட்டாமல் குறைக்காமல் போட்டதைக் கொடுத்தேன்.
மேசை விளக்கின் கீழே வெகுநேரம் பார்த்தார்.
கொடியை அல்ல.
இடது ஓரத்தில், நான் வெட்டிவிடலாம் என்று நினைத்த இடத்தில்,
குனிந்திருக்கும் ஓர் உருவம்.
வலது காலைத் தண்டவாளத்தின் மேல் தூக்கி வைத்து
பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருக்கிறது.

"ஹம்டான்" என்றார்.
"எப்பவும் அவிழ்ந்துபோயிடும் அவனுக்கு."

உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்து,
பொத்தானையும் மாட்டினார்.
விசாரணையில் அதைக் காட்டவே இல்லை என்று
பிறகு கேள்விப்பட்டேன்.

எவ்வளவு என்று கேட்டார்.
மூன்று வெள்ளி என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.